பல ஆக்சிஸ் மோட்டார் டிரைவர் போர்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு வெட்டு இயந்திரங்களில் மூன்று, நான்கு ஸ்டெப்பர் மோட்டார்களை (ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது மின்துடிப்புக்கும், ஒரு சிறு படி சுழலும் மோட்டார்; அது நகர்த்தும் திசையே ஆக்சிஸ்) ஒரே பலகையில் ஓட்டும் டிரைவர் போர்டுகளைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். பெரும்பாலானவற்றில் சிக்கலின் வேர் ஒன்றுதான்: விவரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, அந்த எண் எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பதைப் பார்க்காமல் விடுவது.

கேள்வி: என் நான்கு ஆக்சிஸ் போர்டில் டிஆர்வி8825 சிப்புகள் உள்ளன. "ஒரு ஆக்சிஸுக்கு 2.5 ஆம்பியர்" என்கிறது விவரத் தாள். நான் 2.2 ஆம்பியர்தான் வைத்தேன். சில நிமிடம் ஓடியதும் ஒரு மோட்டார் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடுகிறது. போர்டு பழுதா?

பழுதில்லை. சிப் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, ஆறியதும் விழித்துக்கொள்கிறது. இடையில் கன்ட்ரோலர் அனுப்பிய பல்ஸ்கள் எல்லாம் வீண். அதனால்தான் வேலைப்பொருள் ஒரு பக்கமாக நகர்ந்து வெட்டுப்பட்டிருக்கும்.

2.5 ஆம்பியர் என்பது நன்றாகக் குளிரூட்டினால் அந்தச் சிப் தாங்கும் உச்ச மின்னோட்டம். உங்கள் பெட்டிக்குள் அது எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். சிப்புக்குள் மின்னோட்டம் கடந்துபோகும் மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் இரண்டின் மின்தடையும் சேர்ந்து ஏறத்தாழ 0.4 ஓம். மைக்ரோஸ்டெப்பில் (ஒரு முழு ஸ்டெப்பைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஓட்டும் முறை) மோட்டாரின் இரண்டு காயில்களில், அதாவது கம்பிச் சுருள்களில், ஒன்றில் மின்னோட்டம் கூடும்போது மற்றதில் குறையும். ஆகவே இரண்டு காயிலுக்கும் சேர்த்து வெப்ப இழப்பு, உச்ச மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் 0.4. உங்கள் 2.2 ஆம்பியருக்கு அது 1.9 வாட். நான்கு ஆக்சிஸுக்கும் சேர்த்து 8 வாட்டுக்குப் பக்கம். சுவிட்ச் ஆகும்போது ஏற்படும் இழப்பு இதற்கு மேல். சூடு ஏற ஏற அந்த 0.4 ஓமும் கூடும்.

1.5 ஆம்பியருக்கு இறக்கிப் பாருங்கள். இழப்பு 0.9 வாட், அதாவது பாதிக்கும் கீழே. முறுக்குவிசை ஏறத்தாழ மின்னோட்டத்துக்கு நேர்விகிதம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு கையில் இருக்கும். பெரும்பாலான சிறு இயந்திரங்களுக்கு இது லாபமான பேரம்.

சிப்பின் தலையில் ஒட்டும் சின்ன அலுமினிய ஹீட் சிங்க்கை அதிகம் நம்ப வேண்டாம். இந்த வகைச் சிப்பில் வெப்பம் இறங்கும் பாதை அடியிலுள்ள உலோகத் திட்டு வழியாகப் பலகையின் செம்புக்குத்தான். மேலே இருப்பது பிளாஸ்டிக். போர்டின் மேலும் கீழும் காற்று ஓடும்படி ஒரு சிறு விசிறி வைப்பது ஹீட் சிங்க்கைவிட அதிகம் உதவும். புது போர்டு வாங்குவதாக இருந்தால் செம்பின் தடிமனைக் கேளுங்கள். 35 மைக்ரானைவிட 70 மைக்ரான் வெப்பத்தை நன்றாகப் பரப்பும்.

கேள்வி: மோட்டாரில் "2 ஆம்பியர்" என்று மட்டும் உள்ளது. போர்டின் டிப் சுவிட்ச் (சின்னச் சுவிட்ச் வரிசை) அட்டவணையில் பீக், ஆர்எம்எஸ் என்று இரண்டு வரிசை. எதைப் பார்த்து வைப்பது?

பீக் என்பது மின்னோட்டம் தொடும் உச்சம்; ஆர்எம்எஸ் என்பது அதே வெப்பம் தரும் நேர்மின்னோட்டத்தின் அளவு. மோட்டாரில் போட்டிருக்கும் எண்ணை ஆர்எம்எஸ் வரிசையோடு ஒப்பிடுங்கள். இரண்டு காயிலிலும் ஒரே நேரத்தில் 2 ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால் மோட்டார் தன் வெப்ப எல்லையைத் தாண்டாது என்பதே அந்த எண்ணின் பொருள். மைக்ரோஸ்டெப்பில் அதே வெப்பத்துக்கு உச்சம் 1.41 மடங்கு, அதாவது 2.8 ஆம்பியர் வரை போகலாம். பீக் வரிசையில் 2 ஆம்பியரைத் தேர்ந்தால் மோட்டார் கெடாது, ஆனால் முப்பது சதவீத முறுக்குவிசையைச் சும்மா விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். முதல் ஓட்டத்துக்கு மட்டும் எண்பது சதவீதத்தில் வைத்துத் தொடங்கலாம். வேலைக்குப் போதுமென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

டிப் சுவிட்ச் இல்லாமல் திருகு பொட்டென்ஷியோமீட்டர் உள்ள போர்டுகளில் இன்னொரு கண்ணி உண்டு. ஏ4988 சிப்புக்கு, திருகைத் திருப்பி அமைக்கும் விரெஃப் வோல்டேஜ் = 8 × மின்னோட்டம் × சென்ஸ் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மின்தடை). அந்த ரெசிஸ்டர் போர்டுக்கு போர்டு மாறும். 1 ஆம்பியருக்கு, 0.1 ஓம் இருந்தால் 0.8 வோல்ட், 0.068 ஓமுக்கு 0.54, 0.05 ஓமுக்கு 0.4. யாரோ சொன்ன 0.8 வோல்ட்டை 0.05 ஓம் போர்டில் வைத்தால் மோட்டாருக்கு 2 ஆம்பியர் போகும். சிப்பின் அருகில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் தலையில் R100, R068, R050 என்று எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். டிஆர்வி8825-க்குச் சூத்திரம் வேறு: மின்னோட்டம் = விரெஃப் ÷ (5 × ரெசிஸ்டர்). 0.1 ஓமுக்கு, விரெஃப்பின் இரு மடங்கு.

ஒரு காயிலோடு தொடராக அம்மீட்டர் வைத்துச் சரிபார்க்கிறவர்களுக்கு: ஏ4988 முழு ஸ்டெப்பில் நிற்கும்போது அமைத்த எல்லையில் 70 சதவீதம்தான் காயிலில் ஓடும். அதைப் பார்த்துவிட்டுத் திருகைக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மோட்டார் லேபிளில் 2.8 வோல்ட் என்று இருக்கிறது. போர்டுக்கோ 12 முதல் 36 வோல்ட் வரை என்கிறார்கள். 24 வோல்ட் கொடுத்தால் மோட்டார் எரியாதா?

எரியாது. 2.8 என்பது மின்னோட்டமும் காயிலின் மின்தடையும் பெருக்கி வந்த எண், அவ்வளவுதான். டிரைவர், மின்னோட்டம் வைத்த அளவைத் தொட்டவுடன் மின்னழுத்தத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் காயிலுக்குப் போவது நீங்கள் வைத்த மின்னோட்டமே.

கூடுதல் வோல்ட் எதற்கென்றால் வேகத்துக்கு. காயிலின் இண்டக்டன்ஸ் மின்னோட்டம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 2.5 மில்லிஹென்றி காயிலில் 2 ஆம்பியர் ஏற, 12 வோல்ட்டில் சுமார் 0.42 மில்லிசெகண்ட் ஆகும். 24 வோல்ட்டில் 0.21. நிமிடத்துக்கு 600 சுற்றில் 200 ஸ்டெப் மோட்டாருக்கு ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைக்கும் நேரமே 0.5 மில்லிசெகண்ட். 12 வோல்ட்டில் மின்னோட்டம் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே அடுத்த ஸ்டெப் வந்துவிடும். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர்மின்னழுத்தத்தையும் கழித்தால் நிலைமை இன்னும் மோசம். மெதுவாக ஓடும்போது முரட்டுத்தனமாக இழுக்கும் மோட்டார் வேகமெடுத்ததும் ஸ்டெப் தவறுவது இதனால்தான்.

மேல் எல்லைக்கு ஒரு நடைமுறைச் சூத்திரம் உண்டு: 32 பெருக்கல், மில்லிஹென்றியில் உள்ள இண்டக்டன்ஸின் வர்க்கமூலம். 2.5 மில்லிஹென்றிக்கு 50 வோல்ட். அதைத் தாண்டினால் மோட்டாரின் இரும்பு வீணாகச் சூடாகும். சிறிய போர்டுகளில் சிப்பின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும்: ஏ4988-க்கு 35 வோல்ட், டிஆர்வி8825-க்கு 45, டிஎம்சி2209-க்கு 29.

இந்த எல்லையை ஒட்டி சப்ளையை வைக்காதீர்கள். காரணம் இரண்டு. நீளமான ஒயர்களும் போர்டிலுள்ள செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்தால், மின்சாரம் செருகிய கணத்தில் மின்னழுத்தம் இரு மடங்கு வரை துள்ளும். 24 வோல்ட் 48-ஐ நோக்கிப் போனால் ஏ4988-க்கு அதுவே முடிவு. ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் குறைந்தது 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், சிப்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிசி பிளக்கை உயிரோடு செருகாமல் ஏசி பக்கத்தில் சுவிட்ச் போடுங்கள். இரண்டாவது, கனமான கேன்ட்ரி (இயந்திரத்தின் நகரும் பாலம்) வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி சப்ளைக்கே மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போது மட்டும் சப்ளை டிரிப் ஆகிறதென்றால் காரணம் இதுதான். ஆக்சிலரேஷனைக் குறையுங்கள், அல்லது போர்டின் வாயிலில் பெரிய கெப்பாசிட்டர் சேருங்கள்.

கேள்வி: நான்கு மோட்டார், ஆளுக்கு இரண்டு காயில், காயிலுக்கு 2 ஆம்பியர். ஆக 16 ஆம்பியர் சப்ளை வேண்டுமா?

வேண்டாம். சப்ளையிலிருந்து வரும் ஆம்பியரும் காயிலில் சுற்றும் ஆம்பியரும் ஒன்றல்ல. காயில் 1.4 ஓம் என்றால், நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுமார் 11 வாட் எடுக்கும். 24 வோல்ட்டில் அது அரை ஆம்பியர்கூட இல்லை. ஓடும்போது செய்யும் வேலைக்கு ஏற்பக் கூடும். மோட்டாரின் ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்கை மோட்டார் எண்ணிக்கையால் பெருக்கினால் போதுமானது: 2 × 0.67 × 4 = 5.4 ஆம்பியர். 24 வோல்ட் 150 வாட் சப்ளை சரியாக இருக்கும்.

கேள்வி: 3.3 வோல்ட் கன்ட்ரோலரிலிருந்து ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள போர்டுக்கு ஸ்டெப், டைரக்‌ஷன் கொடுக்கிறேன். ஒரு போர்டில் மோட்டார் அசையவே இல்லை. இன்னொன்றில் ஓடுகிறது, ஆனால் முன்னும் பின்னும் நூறு முறை போய்வந்தால் இடம் மாறிவிடுகிறது.

இரண்டும் தனித்தனி நோய்கள்.

முதல் போர்டில் பிளஸ் முனைகளை 5 வோல்ட்டில் கட்டி, மைனஸ் முனைகளைக் கன்ட்ரோலர் பின்னில் (சிப்பின் இணைப்புக் கால்) கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பின் 3.3 வோல்ட்டில் இருக்கும்போதும் நடுவே 1.7 வோல்ட் மிச்சம். ஆப்டோவின் எல்இடி 1.2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கும். மீதி அரை வோல்ட் 270 ஓம் ரெசிஸ்டர் வழியாக 2 மில்லியாம்பியரை ஓட்டும். எல்இடி முழுதாக அணைவதே இல்லை, ஆகவே டிரைவருக்குப் பல்ஸின் விளிம்பு (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணம்) தெரிவதில்லை. பின் தாழ்ந்திருக்கும்போதோ 14 மில்லியாம்பியர் உள்ளே வரும்; பல 3.3 வோல்ட் சிப்புகளின் பின்னுக்கு அது அதிகம். இடையில் 5 வோல்ட்டில் ஓடும் ஒரு 74ஏசிடி245 பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சிப்) போடுங்கள். எட்டு வழிகள் உள்ளதால் நான்கு ஆக்சிஸின் ஸ்டெப்பும் டைரக்‌ஷனும் ஒரே சிப்பில் அடங்கும். பலரும் பரிந்துரைக்கும் 74ஹெச்சிடி வகை மின்னழுத்தத்தைச் சரியாக மாற்றும், ஆனால் இந்த எல்இடி கேட்கும் மின்னோட்டத்துக்கு அது மெலிது.

24 வோல்ட் பிஎல்சியிலிருந்து (தொழிற்சாலைக் கன்ட்ரோலர்) கொடுப்பவர்கள் ஒவ்வொரு 5 வோல்ட் உள்ளீட்டிலும் 2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்க்க வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் எல்லையிலேயே வேகும்.

இரண்டாவது நோய்க்கு நல்ல அடையாளம், பிழை தூரத்தைப் பொறுத்துக் கூடாமல் திசை மாறிய எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடுவது. டைரக்‌ஷன் சிக்னல் நிலைபெறும் முன்பே ஸ்டெப் வந்துவிடுகிறது, அல்லது ஸ்டெப் பல்ஸ் தலைகீழாக இருப்பதால் தவறான விளிம்பில் நகர்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மைக்ரோஸ்டெப் காணாமல் போகும். முதலில் ஸ்டெப்பின் துருவத்தை மென்பொருளில் மாற்றிப் பாருங்கள். பிறகு நேரத்தைப் பாருங்கள்: ஏ4988-க்கு டைரக்‌ஷன் 200 நானோசெகண்ட் முன்பு வர வேண்டும், பல்ஸ் 1 மைக்ரோசெகண்ட் அகலம் வேண்டும். டிஆர்வி8825-க்கு 650 நானோசெகண்ட், 1.9 மைக்ரோசெகண்ட். நடுவில் பிசி817 போன்ற மெதுவான ஆப்டோ இருந்தால் இந்த எண்களுக்கு மதிப்பே இல்லை; அது தானே பல மைக்ரோசெகண்ட் தாமதிக்கும். அப்போது பல்ஸை 10 மைக்ரோசெகண்டுக்கு மேல் அகலமாக்குங்கள். 6என்137 போன்ற வேக ஆப்டோ உள்ள போர்டில் இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: 1/32 மைக்ரோஸ்டெப் வைத்தால் துல்லியம் இரு மடங்காகுமா?

ஓட்டம் மென்மையாகும், சத்தம் குறையும். துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மைக்ரோஸ்டெப் தள்ளக்கூடிய விசை, நிறுத்து முறுக்குவிசையில் (மோட்டார் நின்றபடி தாங்கும் முறுக்குவிசை) ஒரு சிறு பங்குதான்: 1/8-இல் 20 சதவீதம், 1/16-இல் 10, 1/32-இல் 5, 1/256-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. உராய்வு அதைவிட அதிகமென்றால் தண்டு அசையாது. நாலைந்து பல்ஸ் சேர்ந்த பிறகு ஒரேயடியாகக் குதிக்கும்.

அதோடு பல்ஸ் எண்ணிக்கை எகிறும். சுற்றுக்கு 8 மி.மீ நகரும் திருகுக்கு 1/16-இல் மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். செகண்டுக்கு 100 மி.மீ வேகம் வேண்டுமென்றால் 40,000 பல்ஸ். 8 பிட் சிப்பில் ஓடும் கிரபில் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் தருவதோ செகண்டுக்கு 30,000. அங்கே 1/8-க்கு இறங்குவதே வழி. 32 பிட் கன்ட்ரோலர் இருந்தால் 1/16 நல்ல நடுநிலை.

கேள்வி: நேமா 23 மோட்டார் நேமா 17-ஐவிட எத்தனை மடங்கு பலம்?

அந்த எண் பலத்தைச் சொல்வதில்லை. முகத்தின் அளவை இன்ச்சில் பத்தால் பெருக்கியது. நேமா 17-க்கு முகம் 42.3 மி.மீ, துளைகளுக்கு இடையே 31 மி.மீ. நேமா 23-க்குத் துளை இடைவெளி 47.14 மி.மீ, நடு வளையம் 38.1 மி.மீ. ஒரே நேமா 23-இல் நீளத்தைப் பொறுத்து முறுக்குவிசை பல மடங்கு மாறும். மோட்டாரின் டேட்டாஷீட்டில் முறுக்குவிசை, மின்னோட்டம், இண்டக்டன்ஸ் மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: போர்டைப் பெட்டிக்குள் பொருத்தப் போகிறேன். இயந்திர அளவுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீளம், அகலம் மட்டும் பார்த்துப் பெட்டி வாங்கியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வரைபடத்தில் உள்ள அளவு பெரும்பாலும் பலகையின் ஓரம் வரை மட்டும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கனெக்டர், அதில் செருகும் பிளக், பிளக்கிலிருந்து ஒயர் வளையும் இடம் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு கனெக்டர் பக்கமும் 30 மி.மீ கூடுதலாக விடுங்கள். உயரத்தை நிர்ணயிப்பது பெரிய கெப்பாசிட்டர்.

துளை 3.2 மி.மீ என்றால் எம்3 திருகு. எம்3 வாஷரின் வெளி விட்டம் 7 மி.மீ. துளையைச் சுற்றி அந்த 7 மி.மீ வட்டத்துக்குள் செம்புப் பாதை ஓடினால் இறுக்கும்போது பச்சைப் பூச்சு கிழிந்து ஷார்ட் ஆகும்; அங்கே நைலான் வாஷர் போடுங்கள். துளையின் உலோக வளையம் போர்டின் கிரவுண்டோடு இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இணைந்திருந்து பெட்டியும் எர்த் ஆகியிருந்தால், எர்த்துக்குப் பல வழிகள் திறந்து சிக்னலில் இரைச்சல் ஏறும். ஒரு துளையில் மட்டும் பித்தளைத் தாங்கி, மற்றவற்றில் நைலான் என்று வைப்பது எளிய தீர்வு.

முன்பே சொன்னதுபோல் வெப்பம் கீழ்ப்பக்கம் இறங்குவதால் போர்டுக்கு அடியில் குறைந்தது 10 மி.மீ இடைவெளி வேண்டும். முடிந்தால் போர்டை நெட்டாக நிறுத்துங்கள், சூடான காற்று தானே மேலேறும். கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பதையும் மனதில் வைத்து, விசிறிக் காற்று அவற்றின் மேல் முதலில் படும்படி அமையுங்கள். அதிரும் இயந்திரத்தில் உயரமான கெப்பாசிட்டரின் அடியில் சிலிக்கோன் வைத்துப் பிடிக்கலாம். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும்.

கனெக்டரில் ஜேஎஸ்டி எக்ஸ்எச் வகை 3 ஆம்பியருக்கானது. அதற்கு மேல் போகும் மோட்டாருக்கு 5.08 மி.மீ இடைவெளியுள்ள திருகு டெர்மினல் உள்ள போர்டாகப் பாருங்கள். திருகு டெர்மினலில் ஒயர் முனைக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், சில மாதத்தில் பிடி தளரும், தளர்ந்த இடம் கருகும். முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழாய்) மாட்டி இறுக்குவதே சரி. போர்டை நீங்களே வடிவமைப்பதானால், பொது சப்ளைப் பாதையில் 10 ஆம்பியர் போக 70 மைக்ரான் வெளிச் செம்பில் 2.4 மி.மீ அகலத்துக்குச் சுமார் 20 டிகிரி சூடேறும். 35 மைக்ரானில் அதே சூட்டுக்கு இரட்டை அகலம் வேண்டும். நான் அதற்கும் மேல் தாராளமாக, முழுத் தளமாகவே செம்பை ஊற்றச் சொல்வேன். இடம் இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு?

கேள்வி: போர்டு உயிரோடு இருக்கும்போது மோட்டார் பிளக்கைக் கழற்றினேன். அந்த ஆக்சிஸ் போய்விட்டது. ஏன்?

காயிலில் ஓடும் மின்னோட்டம் உடனே நிற்காது. பாதை அறுந்தால் அது மின்னழுத்தத்தை எகிறவைத்து டிரான்சிஸ்டரைத் துளைக்கும். சிப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. தளர்ந்த பிளக்கும் இதையே செய்யும் என்பதால் பூட்டு உள்ள கனெக்டர் நல்லது.

கேள்வி: ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) ஓடும்போது மட்டும் லிமிட் சுவிட்ச் (ஆக்சிஸின் எல்லையில் உள்ள சுவிட்ச்) பொய்யாக டிரிப் ஆகிறது.

சுவிட்சை சாதாரணமாக மூடிய நிலைக்கு மாற்றுங்கள். ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும் என்பது கூடுதல் லாபம். உள்ளீட்டில் 10 கிலோ ஓம், 100 நானோஃபாரட் வடிகட்டி போட்டால் ஒரு மில்லிசெகண்டுக்குக் குறைவான முட்கள் (மின்னழுத்தத் துள்ளல்கள்) மறையும். லிமிட் ஒயரை மோட்டார் ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

கேள்வி: எமர்ஜென்சி சுவிட்சை எனேபிள் பின்னில் கொடுத்தால் போதுமா?

போதாது. ஏ4988, டிஆர்வி8825 இரண்டிலும் எனேபிள் (டிரைவரை இயக்கவும் அணைக்கவும் உள்ள பின்) தாழ்ந்திருந்தால் டிரைவர் ஓடும். டிஆர்வி8825-இன் உள்ளேயே அந்தப் பின்னைக் கீழே இழுக்கும் ரெசிஸ்டர் இருக்கிறது. சுவிட்சுக்குப் போகும் ஒயர் அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஐஎஸ்ஓ 13850 தரம் அவசர நிறுத்தத்துக்கு இரண்டே வகைகளை ஏற்கிறது: உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது, அல்லது கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டுத் துண்டிப்பது. இரண்டிலும் கடைசியில் மோட்டாருக்கான மின்சாரம் போயாக வேண்டும்.

சப்ளைக்கும் போர்டுக்கும் நடுவே டிசி-க்கு மதிப்பிட்ட காண்டாக்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய ரிலே) வையுங்கள். ஏசி-க்கு மட்டும் மதிப்பிட்டதில் டிசி தீப்பொறி அணையாமல் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பெரிய கெப்பாசிட்டர் காண்டாக்டருக்குப் போர்டு பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் வேகம் குறைந்து நிற்கப்போகும் மோட்டார் திருப்பித் தள்ளும் மின்சாரத்துக்குப் போக இடம் கிடைக்கும். கன்ட்ரோலரின் 5 வோல்ட் துண்டிக்கப்பட வேண்டியதில்லை.

நெட்டாக ஏறி இறங்கும் ஆக்சிஸ் மின்சாரம் போனதும் தன் எடையில் சரியலாம். பந்துத் திருகு வைத்தவர்களுக்கு இது நிச்சயம். மின்சாரம் போனால் ஸ்பிரிங் பிடிக்கும் 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டார் வாங்குங்கள். பிரேக் காயிலின் குறுக்கே வெறும் டையோடு மட்டும் போட்டால் மின்னோட்டம் மெதுவாகத் தேய்ந்து பிரேக் தாமதமாகப் பிடிக்கும். டையோடோடு தொடராக ஒரு ஜீனர் டையோடு சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும்.